வெயிலும் குடையும்



தோலை வெயிலினின்று காத்தல் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். இது களிம்பு விற்போர் பேசவேண்டிய பொருளன்றோ எனச் சிலர் நகைக்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிந்துள்ளார். ஆடவர் சட்டையோ பனியனோ அணியலாகாது, பெண்டிர் மேலாடை உடுத்தலாகாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்தலாகாது, செருப்பும் ஆகாது. பகலெல்லாம் வெயிலில் உழைப்பவருக்குக் காப்பாகக்கூடிய அத்தனையும் அப்பட்டியலில் அடங்கிவிட்டன! எம் பாட்டனார் ஊர்த்தெரு வந்ததும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஏன் என்று கேட்டு நாம் அடி வாங்கியதுண்டு.

கதிரவனின் புறஊதாக் கதிர்கள் தோலின் உயிரணுக்களைச் சிதைப்பவை. மெலனின் என்னும் கருநிறமி அவற்றை உறிஞ்சித் தடுக்கிறது. ஆகவே கருமை இழிவன்று; இயற்கை அளித்த கவசம். ஆயினும் முழுக் கவசமன்று. கருந்தோலும் கன்றும், மங்கு படரும், கண்ணில் புரை விழும். உப்பளத்திலோ வெண்ணிறத் தரையே ஒளியைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது.

எஸ்.பி.எஃப். 30 என்று குறித்த களிம்பைத் தடிப்பாகப் பூசினால், தோலைக் கன்றச் செய்யும் கதிரில் 97 விழுக்காட்டைத் தடுக்கும். வியர்வையில் கரையும், இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். நாற்று நடும் தாய்க்கு இது கட்டுபடியாகுமோ? நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும் முண்டாசும் அவருக்கு மேலான துணை. நனைந்த மெல்லிய பருத்தித் துணி அத்துணை காவாது. நண்பகலுக்கு முன்னும் பின்னுமான மணிகளில் வேலையை நிறுத்தி நிழல் தருதல் வேலை வாங்குவோர் கடமை. அதனைக் கேட்டுப் பெறுதல் நம் உரிமை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது.

சிவப்பழகு தருவதாகக் கூறும் களிம்புகளை நம் பெண்மக்கள் தொடவேண்டா. அவற்றுட் சில பாதரசம் கலந்தவை. சிலவற்றிலுள்ள ஸ்டீராய்டு மருந்து தோலை மெலியச் செய்து, வெயில் தாங்கும் வலிமையையும் பறித்துவிடும்.

கழகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு பரிசுக் கிண்ணங்களுக்கு ஒதுக்கிய தொகையில், நடந்து பள்ளிக்கு வரும் நம் மாணாக்கியர் ஒவ்வொருவருக்கும் ஒரு குடை வாங்கித் தருக. ஊர்த்தெருவில் அதனை விரித்தே பிடித்து வரட்டும்.