கேட்பதற்கு ஆள் எங்கே?

(உழவர்கரையில் நடந்த திங்கள் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நாட்டு நடப்பு' என்னும் தலைப்பை எனக்குத் தந்திருக்கின்றனர். இத்தலைப்பில் பேசுவோர் வழக்கமாகத் தில்லியில் தொடங்குவர். தம் தெருவுக்கு வந்து சேருமுன் நேரம் முடிந்துவிடும். நான் தெருவிலேயே தொடங்குகிறேன். தில்லிக்குப் போக நேரமிருந்தால் போவோம்.

என் வீட்டுக்கு நான்காம் வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். எண்பதை நெருங்கும் அகவை. இவ்வூரைச் சுற்றிக் கழனிகள் இருந்த காலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கு வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை திடுமென நின்றுவிட்டது. ஏனென்று கேட்க அவரை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டா; எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. "இந்த அம்மாவின் விரல் எந்திரத்தில் பதியவில்லை, ஐயா. உயிரோடு இருக்கிறார் என்பது உறுதியாகவில்லை" என்றார் அங்கிருந்த இளைஞர். மூதாட்டி அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். "நான் இங்கதானே தம்பி நிக்கிறேன்" என்றார்.

அவ்விளைஞர் கொடியவர் அல்லர். எழுந்து தம் நாற்காலியைக் கொடுத்தவர். ஈரத் துணியால் துடைத்தும் எண்ணெய் தடவியும் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவர் அவரே. சேற்றிலும் நீரிலும் ஐம்பதாண்டு தேய்ந்த விரலில் கோடு எங்கே இருக்கும்? உழவர்கரையில் உழைத்த கையை உழவர்கரை எந்திரம் அறியவில்லை. "என்னால் ஒன்றும் ஆகாது, மேலே எழுதிப் பாருங்கள்" என்றார். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

இதைப் பற்றிய அறிவிப்பு நான்கு திங்களுக்கு முன்னரே அம்மூதாட்டியின் செல்பேசிக்கு வந்திருந்தது. ஆங்கிலத்தில் வந்திருந்தது. வட்டிக்கடை விளம்பரம் என்று எண்ணிப் பேரன் அழித்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும், குறை சொல்வதற்கென்று கொடுத்திருந்த எண்ணை அழைத்தேன். ஆங்கிலத்திற்கு ஒன்றையும் இந்திக்கு இரண்டையும் அழுத்துமாறு ஒரு குரல் சொல்லிற்று. மூன்றுக்குக் காத்திருந்தேன். மூன்று இல்லை. முப்பதாண்டு தமிழ் கற்பித்தவன் அன்று ஒன்றை அழுத்தினேன். இவ்வவையில் அதை மறைக்க விரும்பவில்லை. இருபது மணித்துளி இசை கேட்டது. பின்னர்த் தொடர்பு அறுந்தது.

"முன்ன நம்ம தெருவுக்குன்னு ஓட்டுக் கேட்டு வந்தாரே ஒருத்தரு, அவருகிட்ட சொன்னா என்ன வாத்தியாரய்யா?" என்று அம்மூதாட்டி கேட்டார். அக்கேள்வியே இன்றைய என் உரைக்குக் கரணியம்.

அவர் நினைவில் இருந்தவர் நம் வட்டத்து நகராட்சி உறுப்பினர். 2006-ஆம் ஆண்டு வரிசையில் நின்று வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தோம். 2011-இல் அவர் பணிக்காலம் முடிந்தது. அதன்பின் பத்தாண்டு கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. அந்த 2006 தேர்தலுக்கு முந்தியது எப்போது நடந்தது தெரியுமா? 1968-இல். முப்பத்தெட்டாண்டு இடைவெளி! 1968-இல் வாக்களித்த தந்தையின் மகன் பிறந்து, வளர்ந்து, மணந்து, தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பின்னரே தன் தெருவுக்கு ஓர் உறுப்பினரைக் கண்டான். அவன் பிள்ளைக்கு வாக்களிக்கும் அகவை வந்தபோது மீண்டும் ஒருவரும் இல்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் சொல்கிறது. அது 1993 முதல் நடப்பில் உள்ளது. வழக்குமன்றங்களும் பலமுறை இடித்துரைத்துள்ளன. 2021-இல் நாள் குறித்து அறிவித்தே விட்டார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றியும் வட்டப் பிரிவினையைப் பற்றியும் வழக்கு எழுந்தது, அறிவிப்பு மடங்கியது. ஒதுக்கீடு முறையாக நடக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஒதுக்கீட்டைச் சரிசெய்து தேர்தலை நடத்தலாம். ஒதுக்கீட்டைக் காட்டித் தேர்தலையே ஒதுக்கிவிடுவது என்ன முறை?

உழவர்கரை ஏதோ ஒரு குக்கிராமம் என்று எண்ணிவிடாதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நகராட்சியில் மூன்று இலக்கம் பேர். புதுச்சேரி நகராட்சியைவிட நாம் பெரியவர்கள். பிரெஞ்சுக்காரர் 1880-இல் ஆணையிட்டுப் பத்துக் கொம்யூன்களை ஏற்படுத்தியபோது உழவர்கரை அவற்றுள் ஒன்று. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேரும் இருந்தனர். பிரெஞ்சுக்காரர் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளையர்க்குத் தனிப்பட்டியல், நமக்குத் தனிப்பட்டியல் என்று வைத்து வாக்கை எடைபோட்டவர்கள் அவர்கள். அக்காலத் தேர்தல்களில் தடியும் கள்ள வாக்கும் ஆடிய ஆட்டத்தைப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். ஆயினும், அயலான் ஆட்சியில் இருந்த ஒன்று நம்மவர் ஆட்சியில் இல்லை என்பதை எப்படிச் செரிப்பது?

கடற்கரைச் சாலையில் ஒரு வெண்மையான கட்டடம் இருக்கிறது. 'மேரி' என்று சொல்கிறோம். மேர் அமரும் மனை என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் அது. என் வகுப்பு மாணவன் ஒருவன், மேரி என்னும் அம்மையார் கட்டியது என்று கட்டுரையில் எழுதியிருந்தான். சிரித்தேன், மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. மேரைக் கண்ணால் கண்டிராத பிள்ளைக்கு மேரி வேறென்னவாகத் தோன்றும்? 2014 நவம்பர் 29 அன்று பெருமழையில் அக்கட்டடம் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்து வைத்தார்கள். இருக்கையை வைக்கும் மனை புதிதாகிவிட்டது. இருக்கையில் அமர ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லக் குரல் தயங்குகிறது. 2024 சூன் 11 காலையில், நம் நகராட்சி எல்லைக்குள், இரெட்டியார்பாளையம் புதுநகரில், புதைசாக்கடையிலிருந்து எழுந்த நச்சுவளி கழிவறைகளின் வழியாக வீடுகளுக்குள் ஏறியது. ஒரு மூதாட்டி, அவரைத் தூக்கப்போன மகள், அதே பகுதியில் ஒரு பள்ளிச் சிறுமி என மூவர் மாண்டனர். தம் வீட்டுக்குள், காலைக்கடன் கழிக்கப் போன இடத்தில் மாண்டனர். நாற்றம் முன்பே வீசியது, சொல்லியும் பார்த்தோம் என்று அப்பகுதியினர் கூறியதைச் செய்தித்தாள்களில் படித்தோம். பிறகு அலுவலர் வந்தனர், அமைச்சர் வந்தனர், இழப்பீடு வந்தது, மூடிகளைத் திறந்து பார்த்தனர். எல்லாரும் வந்தனர். எல்லாரும் பின்னரே வந்தனர்.

உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் மூவரும் பிழைத்திருப்பர் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்; அப்படிச் சொல்வது இறந்தோரை வைத்து வாதாடுவதாகும். நான் சொல்வது இவ்வளவே: நள்ளிரவில் கதவைத் தட்டி, "உன் மூக்கால் வந்து மோந்து பார்" என்று கையைப் பிடித்து இழுத்துவரத்தக்க ஆள் ஒருவரும் அத்தெருவுக்கு இல்லை. சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார்; அவர் எத்தனை தெருவுக்கு ஓடுவார்? ஆணையர் இருக்கிறார், அவர் மேலிருந்து வந்தவர், மேலே விடை சொல்பவர். அடுத்த முறையும் நம்மிடம் வாக்குக் கேட்டு வரவேண்டுமே என்னும் அச்சம் உள்ளவரே நம் நாற்றத்தை மோந்து பார்ப்பார். அச்சத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. குடியாட்சி அன்பால் நடப்பதன்று.

அதே ஆண்டு நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் நம் அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 செண்டிமீட்டருக்கும் மேல் மழை. இரெயின்போ நகர் என்று ஒரு பகுதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வானவில் நகர் என்று மாற்றுங்கள் என்று நாம் பல்லாண்டாகச் சொல்லி வருகிறோம். வில் வருகிறதோ இல்லையோ, வானம் முழுதும் அங்கே இறங்கிவிடுகிறது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் நடக்க இயலாதவர் படுத்திருக்கிறார் என்னும் கணக்கு எந்தக் கணினியிலும் இல்லை. தெருப்பிள்ளைகள் மனத்தில் இருந்தது. அவர்கள்தாம் இடுப்பளவு நீரில் போய்த் தூக்கிவந்தார்கள்.

நீரைப் பற்றி ஒன்று. புதுச்சேரி நகரத்துக்குக் குடிநீர் கொடுத்தது நம் முத்திரையர்பாளையம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இங்கிருந்து வாய்க்கால் வழி நீர் கொண்டுபோனார்கள். அந்நினைவாகவே பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் நிற்கிறது. அன்று ஊருக்கு நீர் ஈந்தவர்கள் இன்று இருபது லிட்டர்க் குடுவையைத் தோளில் சுமந்து மாடியேறுகிறோம். குழாய் நீர் உப்புக் கரிக்கிறது என்று யாரிடம் சொல்வது? மீண்டும் அதே கேள்விதான்.

இப்போது தில்லிக்கு வருவோம்; சுருக்கமாகவே வருவோம். நாம் மாநிலம் இல்லை. நாம் தேர்ந்தெடுக்கும் சட்டமன்ற உறுப்பினர் முப்பதின்மர். ஒன்றிய அரசு தானாக அமர்த்துவோர் மூவர். மக்கள் முகம் பாராத அம்மூவரும் வாக்களிக்கலாம் என்று 2018-இல் உச்ச வழக்குமன்றமே சொல்லிவிட்டது. மாநில உரிமை வேண்டி நம் சட்டமன்றம் தீர்மானம் மேல் தீர்மானமாக நிறைவேற்றியிருக்கிறது. அவ்வேட்கை நேர்மையானது, நானும் கைதட்டியவன். ஆனால், ஐயா, 2011-க்குப் பின் இங்கு ஆட்சியில் அமர்ந்த கட்சி எதுவாயினும், தில்லியின் கையில் இருக்கும் உரிமையைக் கேட்டு முழங்கிக்கொண்டே, தன் கையில் இருக்கும் நகராட்சி உரிமையைப் பூட்டித் திறவுகோலை மடியில் கட்டிக்கொண்டது. மேலே இருப்பவன் கொடுக்கவில்லை என்று அழுகிறவன் கீழே இருப்பவனுக்குக் கொடுத்தானா என்று கேட்க வேண்டாமா?

நம் இயக்கத்தாரையும் விட்டுவிட முடியாது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த பேராளர் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று எழுதினார்கள். 1965-இல் நம் சட்டமன்றம் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றித் தமிழை அமர்த்தியது; கூடவே ஆங்கிலமும் தொடரலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. அச்சன்னல் வழியாக ஆங்கிலம் உள்ளே வந்து முழுவீட்டையும் பிடித்துக்கொண்டது. இதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். கடைப்பலகைகளில் தமிழ் எத்தனை, அயல்மொழி எத்தனை என்று தெருத்தெருவாய்ப் போய்க் கணக்கெடுத்திருக்கிறோம். நன்று. ஆனால் பலகையை எண்ணிய நாம், அத்தெருவுக்கு உறுப்பினர் இல்லை என்பதை எண்ணவில்லை. நகராட்சி மன்றம் ஒன்று கூடினால் எம்மொழியில் பேசும்? மீன்விற்கும் தாயும் கொத்தனாரும் அமரும் அவையில் ஆங்கிலம் ஒருநாள் நிற்குமா? தமிழ் தானாக ஆட்சிமொழியாகும் இடம் அது ஒன்றே. அதை மூடிவிட்டார்கள், நாம் பெயர்ப்பலகைக்கு மட்டும் போராடிக்கொண்டிருந்தோம். இது என்மீதும் நான் சுமத்தும் குற்றம்.

"2006-இல் வந்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள்?" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. கேட்கத்தக்க கேள்விதான். சிலர் ஒப்பந்தக்காரரோடு கைகோத்தார்கள். சிலர் தம் தெருவுக்கு மட்டும் விளக்குப் போட்டார்கள். எங்கள் வட்டத்தாரோடு நான் சாக்கடை அடைப்புக்காகத் தெருவில் நின்று சண்டையிட்டிருக்கிறேன். சண்டையிட ஒருவர் இருந்தார், ஐயா. அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்கலாம் என்னும் நினைப்போடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். இருபது மணித்துளி இசை போட்ட குரலை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

ஆகவே ஒரு முறையீட்டை எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதியிருக்கிறேன். ஒரு பக்கந்தான். உழவர்கரை நகராட்சிக்கு நாள் குறித்துத் தேர்தல் நடத்த வேண்டும். முதியோர்க்கு அனுப்பும் அறிவிப்புகள் தமிழில் இருக்க வேண்டும். விரல் பதியாதவரின் வீட்டுக்கு அலுவலர் நேரில் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும். ஆங்கிலத்தில் மறுமொழி வந்தால், தமிழில் வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்புவேன், அஞ்சற்செலவு என்னுடையது.

அம்மூதாட்டியின் தொகை இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை ஐந்தாம் முறையாகப் போகிறோம். முறையீட்டில் முதல் பெயர் அவருடையது. எழுதத் தெரியாதவர் ஆதலால் மைதொட்டுக் கைநாட்டு வைத்திருக்கிறார். கோடு ஒன்றும் தெரியவில்லை, கருமையாய் அப்பியிருக்கிறது. ஆயினும் அது அவர் விரலே என்று கீழே நான் சான்றுக் கையொப்பம் இட்டிருக்கிறேன். தாள் அவைத்தலைவரின் மேசைமேல் இருக்கிறது. எழுதுகோல் ஒன்றுதான் உள்ளது, வரிசையாக வாருங்கள்.