இரவலும் உடைமையும்

(கொல்கத்தாவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் சமயமும் பற்றி அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். இவ்வாண்டு இசையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். இசையின் இலக்கணம் உரைக்கும் தகுதி நமக்கு இல்லை. ஆகவே, நம் குடியிருப்பில் பல வீடுகளிலும் எழுகின்ற ஒரு சிறு கேள்வியையே எடுத்துக்கொண்டோம். விரும்பிய பாட்டைத் தட்டாக விலை கொடுத்து வாங்கி வைப்பது நன்றா? அன்றிக் கைப்பேசியிலே பதிவிறக்கிக் கேட்பது நன்றா? தாத்தா ஒருபுறமும் பேத்தி ஒருபுறமும் நின்று வாதாடும் வழக்கு இது.

இவ்வழக்கை ஆராய்வதற்கு நாம் வாழும் இந்நகரினும் தக்க இடம் வேறு இல்லை. 1902 ஆம் ஆண்டில் கௌஹர் ஜான் என்னும் பாடகியார் இந்நகரில்தான் பாடிப் பதிவு செய்தார். இந்திய இசைத்தட்டு வரலாற்றின் தொடக்கம் அது. அன்று பதிவு மட்டுமே இங்கு நடந்தது. தட்டு அச்சாகியது ஜெர்மனி நாட்டில். 1908 இல் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை தோன்றியது. பின்னர் அது டம்டமுக்கு மாறியது. அத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கோ, அருகிலுள்ள சோட்டா நாகபுரிக் காடுகளின் மரங்களில் பூச்சிகள் தந்த பிசின். சென்னையிலே பாடிய பாட்டு டம்டமிலே தட்டாகித் தஞ்சையிலும் மதுரையிலும் ஒலித்தது. தமிழ்நாட்டிலிருந்து நாம் இங்கு வந்தோம். நம் பாட்டோ இங்கிருந்து தமிழ்நாட்டிற்குச் சென்றது!

அந்நாளைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல்தான் பாட இயலும். மணிக்கணக்கில் இராகம் விரிக்கும் வித்துவான்கள் அந்தச் சிறு வட்டத்திற்குள் அதன் சாரத்தைப் பிழிந்து தந்தனர். 1933 இல் இளமையிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இன்றும் நம் காதில் விழுகிறது என்றால், அது தட்டு செய்த உதவி. 1938 இல் மறைந்த வீணை தனம்மாளின் வாசிப்பை அவரைக் காணாத நாம் கேட்பதும் அவ்வாறே. 1948 இல் நெடுநேரத் தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் கேட்க முடிந்தது. 1963 இல் ஒலிநாடாப் பேழையும், 1982 இல் குறுந்தகடும் வந்தன. அதன்பின் இணையம் வந்தது. தட்டே வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்னும் காலமும் வந்தது. பார்க் தெருவில் நம் பிள்ளைகள் நின்று கேட்டு வாங்கிய பெரிய இசைத்தட்டுக் கடை 2013 இல் மூடப்பட்டதை உங்களிற் பலர் அறிவீர்கள்.

பதிவிறக்கத்தைப் பழிக்க நாம் இங்கு வரவில்லை. உண்மையைச் சொல்லுதல் வேண்டும். இந்நகரக் கடைகளில் தமிழ்த் தட்டுகள் எத்தனை கிடைத்தன? விடுமுறைக்குச் சென்னை செல்பவரிடம் பட்டியல் கொடுத்தனுப்பி, ஓராண்டு காத்திருந்தோம். இன்று நள்ளிரவில் நினைத்த பாட்டு நொடியில் வருகிறது. தட்டிற்கும் குறை உண்டு. அரக்குத் தட்டு கை தவறினால் சுக்குநூறாகும். இவ்வூர் மழைக்காலத்தின் ஈரத்தில் ஒலிநாடாவில் பூஞ்சை படர்ந்ததை நாம் அறிவோம். குறுந்தகடு இருந்தாலும் அதை இடுவதற்குப் புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் வாயில் இல்லை. பதிவிறக்கிய பாட்டின் தரம் குறைவு என்பாரும் உளர். ஐந்து நிமிடப் பாட்டுக்குக் குறுந்தகட்டில் ஏறத்தாழ 50 மெகாபைட் இடம் வேண்டும்; எம்.பி.3 முறையில் சுருக்கினால் 5 மெகாபைட்டில் அடங்கும். காது எளிதில் உணராதவற்றை நீக்கியே அவ்வாறு சுருக்குகின்றனர். சமையலறையில் வேலையோடு கேட்பவர்க்கு அவ்வேறுபாடு தோன்றாது. ஆகவே, தரம் பற்றிய வாதத்தை நாம் பெரிதாக்கவில்லை.

பின், எதைப் பெரிதாக்குகின்றோம்? எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றோம், பொறுத்தருளுங்கள்.

எம் தந்தையார் பணியின் பொருட்டு இந்நகருக்கு வந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சென்று திரும்புகையில், வேட்டிகளுக்கு இடையே இரண்டு மூன்று தட்டுகளைப் பொதிந்து, மெயில் வண்டியில் மடிமீது வைத்துக்கொண்டு வருவார். ஒவ்வோர் உறையின் பின்புறமும் வாங்கிய நாளையும் விலையையும் எழுதுவார். முதுமையில் பேத்தியின் துணையால் கைப்பேசிக்கு மாறினார். தட்டைத் தேடி எடுக்க முடியாத கண்ணுக்கு அது பெரும் வசதியாயிற்று. கட்டணம் செலுத்திப் பல நூறு பாடல்களைத் திரட்டினார். காலைக்கு ஒரு வரிசை, மாலைக்கு ஒரு வரிசை, எம் அன்னையார்க்கு உகந்தவை எனத் தனியே ஒரு வரிசை.

அவர் மறைந்தபின் அக்கைப்பேசியைத் திறக்க எங்களால் இயலவில்லை. கடவுச்சொல் அவரோடு சென்றுவிட்டது. பாடல் வழங்கிய நிறுவனத்திற்கு எழுதினோம். "உங்கள் தந்தையாருக்கு வழங்கியது கேட்கும் அனுமதி, அதைப் பிறர்க்கு மாற்ற இயலாது" என்று பணிவோடு மறுமொழி வந்தது. அவர்கள் விதியின்படி அது சரியே. ஆயினும் அன்னையார்க்கென அவர் தொகுத்த பாடல்கள் எவை என்பதை இன்றுவரை நாங்கள் அறியோம்.

கட்டிலின்கீழ் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தோம். அறுபது தட்டுகள் இருந்தன. சில வளைந்திருந்தன, சில கீறியிருந்தன. ஓர் உறையின்மேல், "இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. இவளுக்குப் பிடித்தது" என்று அவர் கையெழுத்து. சுழற்பெட்டியைப் பழுது பார்த்து அதை இட்டோம். ஓரிடத்தில் ஊசி தாவியது. "அந்த இடத்தில் எப்போதும் அப்படித்தான்" என்றார் அன்னையார். பல திங்களுக்குப் பின் அன்று அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டோம்.

அன்பர்களே! வழக்கு தட்டுக்கும் பதிவிறக்கத்திற்கும் இடையே அன்று. உடைமைக்கும் இரவலுக்கும் இடையே என்பது அன்று எங்களுக்கு விளங்கியது. பதிவிறக்கத்திலும் இருவகை உண்டு. பூட்டில்லாத கோப்பாக விலைக்கு வாங்கி, நம் கணினியில் சேர்த்துக்கொள்வது ஒன்று. அது தட்டைப் போலவே நம் பொருளாய் நம்மிடம் இருக்கும். திங்கள்தோறும் சந்தா செலுத்திக் கேட்பது மற்றொன்று. அதிலும் 'பதிவிறக்கம்' என்னும் பொத்தான் உண்டு; ஆனால் சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். 2023 இல் ஸ்பாட்டிஃபை நிறுவனத்திற்கும் ஜீ இசை நிறுவனத்திற்கும் உடன்பாடு கூடாதபோது, எண்ணற்ற திரைப் பாடல்கள் ஒரே நாளில் அங்கிருந்து மறைந்தன. 2024 இல் விங்க் என்னும் பாடற் செயலியை மூடப்போவதாக அதை நடத்திய நிறுவனம் அறிவித்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாகாது என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்துமன்றோ?

இன்னும் ஒன்று. நெடுநேரத் தட்டின் உறையில் பாடியவர் பெயரோடு பிடில் வாசித்தவர் யார், மிருதங்கம் யார் என்பதையும் அச்சிட்டிருந்தனர். கைப்பேசித் திரையிலோ பெரும்பாலும் பாடகர் பெயரும் படத்தின் பெயருமே தோன்றும். பக்கம் வாசித்தவர்க்கு அங்கு பெரும்பாலும் இடமில்லை. தமிழகத்தை நேரிற் பாராது வளரும் நம் பேரப்பிள்ளைகள் அப்பெயர்களை வேறு எங்குக் கற்பர்? தட்டை ஒரு வீடே கூடியிருந்து கேட்டது, "இது யார் பாடியது?" என்று பிள்ளை கேட்கப் பெரியோர் கதை சொன்னார்கள். இன்று ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு பாட்டு. கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலாவது, எல்லாவற்றையும் வாங்க வேண்டா. புதியவற்றை இரவலாகவே கேளுங்கள். ஆனால் இப்பாட்டு இல்லாமல் என் வீடு இல்லை என்று தோன்றும் ஓர் ஐம்பதை மட்டும் தட்டாகவோ பூட்டற்ற கோப்பாகவோ விலை கொடுத்து வாங்குங்கள். கோப்பாயின் இரண்டு இடங்களில் சேமியுங்கள். கடவுச்சொல்லை வீட்டில் ஒருவர்க்கேனும் தெரிவித்து வையுங்கள்.

இரண்டாவது, பழைய தட்டுகளைப் பழம்பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடாதீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நிற்கும். பாட்டிற்கும் மெட்டிற்கும் உள்ள உரிமை வேறு. அவ்வரம்பை மதித்து, தட்டு தேயுமுன் வீட்டுப் பயனுக்காக அதைக் கணினியில் பதிவு செய்யலாம். பாடியவர், பக்கம் வாசித்தவர், வாங்கியவர் பெயர்களையும் உடன் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, சங்கத்திற்கு. நம் நூலக அறையில் ஓர் அலமாரியைத் தட்டுகளுக்கு ஒதுக்குவோம். எம் தந்தையாரின் அறுபது தட்டுகளில் அன்னையார்க்கு உரிய ஒன்று நீங்கலாக மற்றவற்றை இன்றே சங்கத்தின்பால் ஒப்படைக்கின்றோம். திங்களுக்கு ஒரு மாலை, கைப்பேசிகளை வாயிலில் வைத்துவிட்டு, அனைவரும் அமர்ந்து ஒரு தட்டைக் கேட்போம். பேத்திமார் கேள்வி கேட்கட்டும். தாத்தாமார் விடை சொல்லட்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!