வயிறு நிறைந்தால் போதுமா?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரையின் சுருக்கம்)



யவீருவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இன்றைக்கென்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளை. மரித்த அவளை எழுப்பின ஆண்டவர், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படியும் சொன்னார். இதன் அருமை மருத்துவமனையில் ஊழியம் செய்கிறவர்களுக்கு விளங்கும். மருந்தினால் சுகமாகி வீட்டுக்குப் போன பிள்ளை, சத்தான ஆகாரம் இல்லாமல் மறுபடியும் அதே வார்டுக்கு வருவதுண்டு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பதில் நம் மாநிலம் முன்னோடி. 1920-இல், பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுத்தது. 1956-இல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010-இல் அது வாரத்துக்கு ஐந்தாயிற்று.

2022-இல் ஸ்டாலின் ஆட்சியில், 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் வந்தது. கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிவானது, 2024 ஜூலையில், நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். 2025-இல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. மிஷன் பள்ளிகளில் அநேகம் இவ்வகையைச் சேர்ந்தவை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதல் ஷிப்டுக்குப் போகும் தாய், விடியுமுன் அடுப்பு மூட்ட முடியாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அவளுக்கு அந்தக் கிச்சடியும் சாம்பாரும் எத்தனை பெரிய ஆறுதல்!

ஆனாலும் ஒரு பாரத்தை உங்கள் முன் வைக்கிறேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அந்தக் குழந்தைகள்தான் இன்று பள்ளியில் இருக்கிறார்கள். வெளுத்த இமையும் சோர்ந்த முகமுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நாம் சோம்பேறி என்கிறோம். அது சோம்பல் அல்ல; பல வேளைகளில் இரும்புச்சத்துக் குறைவு.

தொடக்கப் பள்ளி மதிய உணவுக்கு மத்திய அரசு வகுத்த அளவு 450 கலோரி, 12 கிராம் புரதம். அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. தாளில் கணக்கு சரிதான். ஆனால் பிள்ளை கீரையை ஓரமாக ஒதுக்கி, சோற்றை மாத்திரம் சாப்பிட்டு எழுந்தால் வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். குடற்புழு இருந்தால், கொடுக்கிற சத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும். ஆகையால்தான் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் புழுநீக்க மாத்திரை கொடுக்கிறார்கள்.

நம் சபையார் பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் பிள்ளைகளுக்குக் கேக்கும் பிஸ்கெட்டும் பிரியாணியும் வாங்கிக் கொடுக்கிறீர்கள். அந்த அன்பைக் கர்த்தர் அறிவார். அது ஒரு நாள் சந்தோஷம். அதே காணிக்கையை வருஷம் முழுவதும் பலன் தரும்படி கொடுக்கலாம். முதலில் தலைமையாசிரியரையும் சத்துணவு அமைப்பாளரையும் கண்டு, என்ன குறைவு என்று கேளுங்கள். சில பள்ளிகளுக்குக் கைகழுவக் குழாயும் சோப்பும் வேண்டும். சிலவற்றுக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் வசதி வேண்டும். இரண்டு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு பப்பாளி நட்டாலே போதும். விருந்து கொடுத்தே ஆகவேண்டுமென்றால் சுண்டலும் பழமும் கொடுங்கள்.

சமையலம்மாமாரையும் மறவாதிருங்கள். புகையிலும் வெக்கையிலும் நின்று நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர்கள் அவர்கள். கீரையை நன்றாகக் கடைந்து சோற்றோடு பிசைந்து கொடுத்தால் பிள்ளைகள் ஒதுக்க மாட்டார்கள் என்று நமக்குச் சொல்லிக் கொடுப்பவர்களும் அவர்களே. அவர்களை ஆலயத்துக்கு அழைத்துக் கனம்பண்ணுங்கள்.

ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் சபைகள் ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள ஒரு பள்ளியைத் தத்தெடுக்க ஜெபியுங்கள். ஜெபித்த பின், மதிய மணி அடிக்கும் வேளையில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். தட்டில் என்ன வைக்கிறார்கள் என்பதோடு, எது மிச்சமாகிறது என்பதையும் கவனியுங்கள். உங்கள் உதவி எங்கே தேவை என்பது அங்கே தெரியும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.