மீன் தொட்டிக்கு மென்னீர்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்கு வன்னீர் இன்னதென்று விளக்கவேண்டியதில்லை. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிவரும் அந்நீர் கல்சிய உப்புக்களைச் சுமந்து வருகின்றது. கப்பி, மொலி ஆகிய மீன்களுக்கு அது மிக உவப்பானது. அவற்றை மட்டும் வளர்ப்போர் நான் கூறப்போகும் சாதனத்துக்குப் பணம் செலவிட வேண்டியதேயில்லை. ஆனால், அமேசன் பிரதேசத்து மென்னீரில் தோன்றிய கார்டினல் டெட்ரா வன்னீரில் உயிர்வாழ்ந்தாலும், அதன் முட்டைகள் அதிற் பொரிப்பது அரிது. இத்தகைய மீன்களுக்கே எதிர்ப் பிரசாரண வடிகட்டி வேண்டப்படுகின்றது.

நன்னீரையும் உப்புநீரையும் ஒரு நுண்ணிய சவ்வு பிரித்து நிற்குமாயின், நன்னீர் தானாகவே உப்புநீரை நோக்கிச் செல்லும். இது பிரசாரணம். உப்புநீரின் பக்கம் போதிய அமுக்கத்தைக் கொடுத்தால் ஓட்டம் எதிர்த்திசைக்குத் திரும்பும், உப்பு பின்தங்கும். 1960 ஆம் ஆண்டையொட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லோப், சௌரிராஜன் என்னும் இருவர் ஆக்கிய சவ்வே இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

வீட்டுச் சாதனத்துக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50 இறாத்தல் அமுக்கம் வேண்டும். பத்தடி உயரத்திலுள்ள தொட்டி தருவதோ நான்கு இறாத்தலுக்குச் சற்று அதிகமே. ஆகவே, கிணற்று நீரை மேல்தொட்டிக்கு ஏற்றிப் பயன்படுத்தும் வீடுகளில் சிறிய அமுக்கப் பம்பியின்றி இது ஒழுங்காக இயங்காது.

சவ்வுதான் விலைகூடிய உறுப்பு. அதைக் காப்பவையோ அதற்கு முன்னுள்ள இரு மலிவான வடிகட்டிகள். ஒன்று மண்டியைத் தடுக்கும், மற்றது கரி. நமது நாட்டுத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து ஆக்கப்படும் கரி இதற்கு மிகச் சிறந்தது. குழாய்நீரிலுள்ள குளோரீன் இக்காலச் சவ்வை அரித்துவிடும்; அதைக் கரி அகற்றுகின்றது. இவ்விரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றுக. இதிற் காட்டும் சிக்கனம் சவ்வையே பறிகொடுக்கச் செய்யும். கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவியொன்றும் வேண்டும். உட்செல்லும் நீர் 400 என்று காட்டினால் வெளிவரும் நீர் 40 ஐத் தாண்டலாகாது. தாண்டின் சவ்வு பழுதுபட்டதென்க.

ஒரு வாளி தூய நீருக்கு மூன்று, நான்கு வாளி உப்பு மிகுந்த நீர் கழிவாக வெளியேறுவதுண்டு. கோடையிற் கிணறு வற்றும் ஊரில் இது சிறிய செய்தியன்று. அதனை மிச்சப்படுத்த எண்ணிக் கழிவுக் குழாயை நெரித்தால், சுண்ணாம்பு சவ்வின்மேற் படிந்து அடைத்துவிடும். மாறாக, கழிவுநீரைச் சேர்த்துத் துணி துவைக்கலாம். கப்பித் தொட்டிக்கும் விடலாம்.

வடிந்த நீரை மட்டும் தொட்டியில் நிரப்புதல் பெருந்தவறு. மீன்களின் கழிவு அமிலமாக மாறும்போது அதைத் தணிக்க அந்நீரிற் காபனேற்று இல்லை. ஒரே இரவில் நீர் புளித்து மீன்கள் மடியலாம். மூன்று பங்கு வடிநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் கலந்தால் வன்மை ஏறக்குறையக் காற்பங்காகும். அதனையும் ஒரேயடியாக மாற்றாது, பத்தில் ஒரு பங்காகச் சில நாட்கள் மாற்றிவருக. ஆவியாய்க் குறைந்த நீரை ஈடுசெய்யமட்டும் வடிநீரைத் தனியே விடலாம். உப்பு தொட்டியிலேயே தங்கியிருக்கின்றதல்லவா?

ஊருக்குச் செல்வோர் சவ்வை உலரவிடலாகாது. திரும்பிவந்து இயக்கும்போது, முதற் சில நிமிடங்களில் வடியும் நீரில் உப்பு மிகுந்திருக்கும். அதனைத் தொட்டிக்கு விடாது ஊற்றிவிடுக.