யாத்திரைக்கு ஆயத்தம்



இன்றைய இலக்கிய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் அழைப்பு ஆகும். "இறைவனுடைய அரசு அண்மித்துவிட்டது, ஆயத்தமாகுங்கள்" என்பதே அவ்வழைப்பு. இதனைக் கேட்டவுடன் நம்மிற் பலர் இது கிறித்தவ சமயத்துக்கே உரியதொன்று எனக் கருதுவர். யோர்தான் நதிக்கரையில் நின்று யோவான் ஸ்நானகன் எழுப்பிய குரலும், பின்னர் கலிலேயாவில் இயேசுபிரான் எழுப்பிய குரலும் இதுவே என்பது உண்மைதான். ஆயினும் தமிழிலக்கியத்துக்கு இக்குரல் புதியதன்று. புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மாணிக்கவாசக சுவாமிகள் இத்தகைய அழைப்பொன்றைத் திருவாசகத்தில் விடுத்துள்ளார். அப்பகுதியின் பெயர் 'யாத்திரைப் பத்து'.

திருவாசகத்தைப் பாராயணம் செய்வோர் சிவபுராணத்தையும் திருவெம்பாவையையும் அறிந்த அளவுக்கு யாத்திரைப் பத்தை அறிந்திருப்பதில்லை. பத்தே பாடல்கள். தில்லையிலே பாடப்பெற்றவை என்பது மரபு. திருவாசகத்தின் பெரும்பகுதியில் மணிவாசகர் இறைவனை நோக்கிப் பேசுகிறார், அழுகிறார், தம்மைத் தாமே நொந்துகொள்கிறார். இங்கோ அவர் நம் பக்கம் திரும்பி நின்று பேசுகிறார். சக அடியார்களைக் கூவி அழைக்கிறார். வேளை வந்துவிட்டது, பொய்யை விட்டுப் புறப்படுங்கள் என்கிறார். சினத்தையும் ஆசை என்னும் நோயையும் விட்டுவிடுங்கள், இனிக் காலம் அதிகமில்லை என்கிறார். இறைவன் திருவடிக்கீழ்ச் செல்லும் பெருங்கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள மனம் ஒருப்படுங்கள் என்கிறார்.

அக்கூட்டத்தைக் குறிக்க அவர் கையாளும் சொல் 'சாத்து' என்பது. பண்டைத் தமிழகத்தில் வணிகர்கள் தனித்துச் செல்லாது, கூட்டமாகத் திரண்டு காடும் பாலையும் கடந்தனர். அக்கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். சாத்தோடு போகின்றவன் அது புறப்படும் வேளைக்கு மூட்டை கட்டி ஆயத்தமாக நிற்க வேண்டும். சாத்து அவனுக்காகக் காத்து நிற்காது. ஆயத்தம் என்றால் என்ன என்பதை உணர்த்த இந்த ஒரு சொல்லே போதுமானது.

அதே பாடலிலே இன்னுமொரு செய்தி உண்டு. சிவபுரத்தின் அழகிய கதவு அடைபடும் முன்னே நாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்கிறார் அடிகள். கதவு திறந்திருக்கிறது, ஆனால் என்றென்றும் திறந்தே இருக்கும் என்று எண்ணி உறங்கிவிடாதீர்கள் என்பது அதன் உட்பொருள்.

இக்கதவைப் படிக்கின்றபோது மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையை எண்ணாதிருக்க இயலவில்லை. மணவாளனை எதிர்கொள்ளப் பத்துப் பெண்கள் விளக்கேந்திச் செல்கின்றனர். ஐவர் எண்ணெயும் கொண்டு சென்றனர். ஐவர் எண்ணெய் கொண்டு செல்லவில்லை. மணவாளன் வரத் தாமதமாகிறது. பத்துப் பேருமே உறங்கிவிடுகின்றனர். இதனை நாம் கவனிக்க வேண்டும். புத்தியுள்ளவர்களும் உறங்கினார்கள், உறங்கியமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நள்ளிரவிலே குரல் எழுந்தபோது யாருடைய கையில் எண்ணெய் இருந்தது என்பதே வேறுபாடு. எண்ணெய் இல்லாதவர்கள் கடைக்கு ஓடுகின்றனர். அவர்கள் திரும்பி வருவதற்குள் கதவு அடைபட்டுவிடுகிறது.

எண்ணெய் வைத்திருந்த பெண்கள் கொஞ்சம் கொடுத்து உதவியிருக்கலாகாதா என்று வகுப்பறையிலே மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான வினாத்தான். அதற்கு விடை யாத்திரைப் பத்திலேயே இருக்கிறது. தமக்குச் சுற்றமும் தாமே, தமக்கு விதிமுறையும் தாமே என்று அடிகள் அறுதியிட்டுக் கூறுகிறார். அரிசியை இரவல் வாங்கலாம். படகை இரவல் வாங்கலாம். மனப்பக்குவத்தை இரவல் வாங்க முடியாது. தந்தை செய்த பூசை மகனுடைய விளக்குக்கு எண்ணெயாகாது. அதே வேளையில், பழைய அடியாரோடு கூடிச் செல்லுங்கள் என்றும் அதே பாடலில் அவர் சொல்கிறார். எண்ணெய் அவரவருடையது, பயணமோ எல்லோருக்கும் பொதுவானது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நேயர்களே, கதவு திறப்பதும் அதற்காக ஆயத்தமாவதும் மட்டக்களப்பு மக்களுக்கு வெறும் உவமைகள் அல்ல. வைகாசித் திங்களிலே நமது கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறத்தல் நடைபெறுகிறது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் எனப் பல ஊர்களை இங்கு சொல்லலாம். கதவு திறந்து, கலியாணக்கால் நட்டு, வழக்குரை பாடி, திருக்குளிர்த்தியோடு சடங்கு நிறைவெய்தும். கதவு திறப்பதற்கு முன்னரே ஊர் ஆயத்தமாகிவிடும். வளவு கூட்டித் துப்புரவாக்கப்படும். மச்சமும் மாமிசமும் அடுக்களையை விட்டு நீங்கும். வாவியிலே மீன் பிடித்து வாழ்பவர் வீட்டிலும் அந்நாட்களில் மரக்கறிச் சமையல்தான். அம்மன் ஊர்வலம் வரும் வழியெங்கும் வாசல்தோறும் நிறைகுடம் வைக்கப்படும். அம்மன் எப்போதும் நம்மோடு இருப்பவள்தான். ஆயினும் அவள் வருகிறாள் என்று எண்ணி வீட்டை ஒழுங்குபடுத்தும்போது நமது மனமும் ஒழுங்குக்கு வருகிறது. அண்மித்துவிட்டது என்ற சொல்லின் பயன் அதுவே.

வளவைத் துப்புரவாக்குவது எவ்வாறென்று நமக்குத் தெரியும். உள்ளத்தை ஆயத்தம் செய்வது எவ்வாறு? யோவானிடமும் மக்கள் இதனையே வினவினர். அவர் அளித்த விடை லூக்கா சுவிசேஷத்தில் உள்ளது. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி வாங்குவோரைப் பார்த்து, விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகரைப் பார்த்து, எவரையும் அச்சுறுத்திப் பறிக்காதீர்கள், உங்கள் சம்பளம் போதுமென்றிருங்கள் என்றார். வானத்தை அண்ணாந்து பார்த்திருக்குமாறு அவர் எவருக்கும் சொல்லவில்லை. அவரவர் தொழிலிலேயே அவரவருடைய ஆயத்தத்தைக் காட்டினார்.

தமிழகத்திலே 19ஆம் நூற்றாண்டில் இறைவனுடைய வருகை அண்மித்துவிட்டது என்று முழங்கியவர் வடலூர் இராமலிங்க வள்ளலார். 1872இல் அவர் சத்திய ஞானசபையை நிறுவினார். 1873 ஒக்டோபரில் மேட்டுக்குப்பத்திலே கொடியேற்றிப் பேருபதேசம் செய்தார். அருட்பெருஞ்சோதி ஆண்டவர் வரப்போகும் தருணம் இது, காலத்தை வீணாக்காமல் ஆயத்தமாகுங்கள் என்பதே அதன் சாரம். 'ஞானசரியை' என்னும் பாடற்பகுதியும் அதே அழைப்புத்தான். 1874 சனவரி 30இல் அவர் தம் அறைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டார்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக அவர் செய்தது யாது? 1867 மே மாதத்திலே சத்திய தருமசாலையைத் தொடங்கி, பசித்தோருக்கு அன்னமிட அடுப்பு மூட்டினார். ஆண்டவர் வருகிறார் என்று அறிவித்தவர் முதலில் மூட்டியது சோற்றடுப்பு. அந்த அடுப்பு இன்றுவரை எரிந்துகொண்டிருக்கிறது. ஜீவகாருண்யமே இறையருளைத் திறக்கும் திறவுகோல் என்பது அவருடைய துணிபு. யோவானுடைய இரண்டு அங்கியும் வள்ளலாருடைய அடுப்பும் ஒரே விடையைத்தான் தருகின்றன.

இனி, இவ்வழைப்பைத் தவறாகக் கேட்கும் வகைகள் இரண்டினைக் குறிப்பிட வேண்டும்.

ஒன்று, நாள் குறித்தல். அமெரிக்காவிலே வில்லியம் மில்லர் என்பவருடைய போதனையைப் பின்பற்றியோர், 1844 ஒக்டோபர் 22ஆம் நாளைக் கிறிஸ்துவின் வருகை நாளாக எதிர்பார்த்தனர். விவசாயிகளுட் சிலர் விளைந்த பயிரை அறுவடை செய்யாமலே விட்டுவிட்டனர். அந்நாள் வந்து போயிற்று. 2012 டிசெம்பர் 21இல் உலகம் அழியும் என்ற பேச்சு நம் ஊர்களிலும் அடிபட்டது. அந்நாளும் வந்து போயிற்று. அந்த நாளையும் நாழிகையையும் எவரும் அறியார் என்பது சுவிசேஷத்தின் தெளிவான வாக்கு. நம் அயலிலுள்ள முஸ்லிம் சகோதரர்கள் போற்றும் நபிமொழி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. கையிலே ஒரு மரக்கன்று இருக்கும் வேளையில் இறுதிநாள் வந்துவிட்டாலும், முடியுமாயின் அதனை நட்டுவிடுங்கள் என்பது அதன் கருத்து. விளைந்த பயிரை விட்டுச் செல்வது பயம். கடைசி நேரத்திலும் கன்றை நடுவது ஆயத்தம்.

மற்றையது, மாண்டவரைக் குறை கூறல். இது நமது மண்ணிலே நின்று மிகுந்த கவனத்தோடு பேச வேண்டிய விடயம். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியை மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. 2004 டிசெம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். அன்று காலையில் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் கரையோர ஊர்கள் பலவற்றையும் வாரிச் சென்றது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்று மட்டக்களப்பு நகரிலே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவருள் ஞாயிறு வகுப்பை முடித்து வந்த சிறார்களும் இருந்தனர்.

இத்தகைய அழிவுகளின் பின்னர், இது பாவத்தின் சம்பளம், அவர்கள் ஆயத்தமில்லாதிருந்தார்கள் என்று பேசுவோர் எல்லாச் சமயங்களிலும் உளர். பிள்ளையை இழந்த தாயின் காதில் அச்சொல் விழுந்தால் அது அவளுக்கு இரண்டாவது அலையாகும். சீலோவாம் என்ற இடத்திலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரிலும் கூடிய குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா என்று இயேசு கேட்டார். இல்லை என்று தாமே விடையும் சொன்னார். அதன்பின் கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். விழுந்த கோபுரத்தைக் காட்டி மாண்டவருக்குத் தீர்ப்பு எழுதுவது அவர் வழியன்று. உயிரோடு நிற்பவர்களுக்கே அவர் அழைப்பு விடுத்தார். மணிவாசகரும் பிறரைச் சாடவில்லை. நிற்க விரும்புவோர் நிற்கட்டும், நாம் புறப்படுவோம் என்று தம்மையும் சேர்த்துக்கொண்டுதான் அழைக்கிறார். ஆயத்தம் என்பது பிறரை அளக்கும் கோல் ஆகிவிடக் கூடாது. அதனை வைத்து நம்மை மட்டுமே அளக்கலாம்.

ஆயத்தத்தோடு வாழ்தல் எத்தகையது என்பதற்கு நம் வாவிக்கரையிலேயே இரு சான்றுகள் உள்ளன.

மெதடிஸ்த திருச்சபையின் முதற் குழுவோடு இலங்கை நோக்கிப் புறப்பட்ட வில்லியம் ஓல்ட் பாதிரியார், கடற்பயணத்திலேயே மனைவியை இழந்தார். 1814இல் தன்னந்தனியராய் மட்டக்களப்புக்கு வந்தார். 1815 ஏப்பிரலில் இங்கேயே காலமானார். அவருக்குக் கிடைத்தது ஓர் ஆண்டுகூட இல்லை. அந்தக் குறுகிய காலத்துக்குள் அவர் பாடசாலைப் பணியைத் தொடங்கிவிட்டார். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் தன் வரலாற்றை 1814இலிருந்தே எண்ணுகிறது. காலம் குறைவு என்று அவர் காத்திருந்திருப்பாராயின் அந்தத் தொடக்கம் நிகழ்ந்திராது.

மற்றவர் காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். பண்டை யாழ்களைப் பற்றி அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், 1947 யூன் 5, 6ஆம் திகதிகளிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. உடல்நலம் குன்றியிருந்த அடிகளார் அவ்வாண்டு யூலை 19ஆம் திகதி கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அரங்கேற்றத்துக்கும் அவருடைய மறைவுக்கும் இடையிலே இருந்தவை ஆறு வாரங்களே. தமக்கு எத்தனை வாரம் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிட்டு அவர் எழுதியவரல்லர். எடுத்த பணியை நாள்தோறும் செய்தார்; அழைப்பு வந்தபோது பணி முடிந்திருந்தது.

கல்லடி உப்போடையிலே, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவில், அவருடைய சமாதி இருக்கிறது. 'ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று' என்ற அவருடைய பாடலின் வரிகளை அங்கே காணலாம். இறைவனுக்கு எந்தப் பூ உகந்தது என்று அப்பாடல் கேட்கிறது. தோட்டத்துப் பூக்களைக் கடந்து உள்ளம் என்னும் தாமரையையும், கூப்பிய கைகளாகிய காந்தளையும், நோக்கும் விழிகளாகிய நெய்தலையும் அது காட்டுகிறது. மூன்றுமே நம்மிடம் இருப்பவை. ஏழைக்கும் உண்டு, செல்வனுக்கும் உண்டு. கடைக்கு ஓட வேண்டியதில்லை. கதவு எந்நேரம் திறந்தாலும் அவற்றோடு நாம் போய் நிற்கலாம்.

இறைவனுடைய அரசு கண்ணுக்குப் புலப்படும் ஆரவாரத்தோடு வருவதில்லை, அது உங்களுக்குள்ளேயே இருக்கிறது என்று இயேசுபிரான் ஓரிடத்திலே சொன்னார். அவ்வாறாயின் அண்மை என்பது நாட்காட்டியில் அளக்கும் தூரமன்று. பசித்தவன் நம் வாசலுக்கு வரும்போது, பகைத்தவன் எதிரே வரும்போது, உண்மை சொல்லும் வேளை வரும்போது அந்த அரசு நம் படலையடியில் வந்து நிற்கிறது. இன்று மாலை விளக்கேற்றும்போது, எவரோடு பேசாதிருக்கிறோம், எவருடைய பொருள் நம்மிடம் இருக்கிறது, எந்தப் பணியை நாளைக்கு என்று தள்ளியிருக்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். யாத்திரைக்கு மூட்டை கட்டுவது அங்கேதான் தொடங்குகிறது.