அடுத்த ஒரு மணி நேரம்



நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், கணக்கில் 95-க்குக் குறையாமல் வாங்கும் மாணவன் ஒருவன் இருந்தான். ஆங்கிலத்தில் 30-ஐத் தொடுவதே அவனுக்கு அரிது. “கணக்குத்தான் உன் பலம், அதை விட்டுவிடாதே” என்று அவனுக்கு அறிவுரை கூறியவன் நானே. அவனும் நாள்தோறும் மூன்று மணி நேரம் கணக்கே போட்டான். இறுதித் தேர்வில் கணக்கில் 98, ஆங்கிலத்தில் 32. மூன்றே மதிப்பெண்ணால் அவ்வாண்டு கல்லூரி வாயில் அவனுக்கு அடைபட்டது.

எந்தப் பாடம் உயர்ந்தது என்று நான் எண்ணினேனேயன்றி, அடுத்த ஒரு மணி நேரம் எங்கே மிகுதியாகப் பயன் தரும் என்று எண்ணவில்லை. கணக்கில் அவன் செலவிட்ட மூன்றாம் மணி அரை மதிப்பெண்ணேனும் தந்திருக்குமா என்பது ஐயமே.

தண்ணீரின்றி உயிர் வாழ முடியாது; எனினும் அது மலிவு. வைரம் இன்றியும் வாழலாம். அதன் விலையோ மிகுதி. இம்முரண்பாட்டை ஆடம் ஸ்மித் 1776-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக் காட்டினார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1871-இல் இங்கிலாந்தில் ஜெவன்ஸ், ஆஸ்திரியாவில் மெங்கர், 1874-இல் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வால்ராஸ் ஆகிய மூவரும் தனித்தனியே இதற்கு விடை கண்டனர். உலகிலுள்ள தண்ணீர் முழுவதையும் எவரும் விலை பேசுவதில்லை; இன்னும் ஒரு குடம் வேண்டுமா என்பதே கேள்வி. முதற்குடம் உயிரைக் காக்கும்; பத்தாங்குடம் வாசல் தெளிக்கும். விலை அந்தக் கடைசிக் குடத்தின் பயனையே ஒட்டி நிற்கும். இதனையே பாடநூல்கள் இறுதிநிலைப் பயன்பாடு என்கின்றன. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. கோடையில் கிணறு வற்றினால் உங்கள் தாயார் முதலில் நிறுத்துவது வாசல் தெளிப்பதைத்தானே? குடிநீரை அன்று.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மொழிப்பாடத்தில் முதல் சில மணி நேரம் ஒன்றுமே விளையாததுபோல் தோன்றும். ஒரு மாலைப் பொழுதை வைத்து அதனை அளந்துவிடலாகாது; ஒரு மாதமேனும் பொறுத்துப் பார்த்தல் வேண்டும்.

தவறிய அந்த ஒரு பாடத்தைச் செப்டம்பரில் மீண்டும் எழுதுவதற்காக அம்மாணவன் என்னிடம் படிக்க வந்தான். பழக்கத்தால் கணக்குப் புத்தகத்தையும் உடன் கொண்டுவந்திருந்தான். அதை வாங்கி என் மேசையறையில் வைத்துப் பூட்டினேன். “ஐயா, இன்னும் பத்துப் பக்கந்தான் பாக்கி” என்றான். தேர்வு முடிந்த அன்று மாலைதான் திருப்பிக் கொடுத்தேன்.