ஐ.பி. எண் ஆளைக் காட்டுமா?



இணையத்தில் ஒருவரே இரண்டு பெயர்களில் கணக்குத் திறந்து, ஓர் உதவிக்கு இருமுறை பதிந்துகொள்வதுண்டு. அதனைக் கண்டுபிடிக்க, இரு கணக்குகளும் ஒரே ஐ.பி. எண்ணிலிருந்து வந்தனவா என்று பார்ப்பார்கள். பார்ப்பது தவறன்று. அது ஒன்றையே சான்றாகக் கொண்டு 'இருவரும் ஒருவரே' என முடிவு கட்டுவதுதான் பொருந்தாது.

ஐ.பி. எண் இணைப்பின் முகவரி, ஆளின் பெயரன்று. தோட்டத்திற்கு வரும் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். லயத்தில் எண்பது குடும்பங்கள் இருப்பினும் உறையின்மேல் தோட்ட முகவரி ஒன்றே. எது யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் கிராணியார். வீட்டு வைஃபை பெட்டி செய்வதும் கிராணியார் வேலையே. பிரிக்பீல்ட்சில் ஒரே வீட்டில் தங்கி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நால்வரும் வெளியுலகிற்கு ஓர் எண்ணாகவே தெரிவர்.

கைப்பேசியில் இக்குழப்பம் இன்னும் பெரிது. பழைய முறை எண்கள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. உலக மக்களோ 800 கோடிக்கு மேல். ஆசிய பசிபிக் வட்டாரத்திற்குரிய கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆகவே தொலைபேசி நிறுவனங்கள் ஓர் எண்ணைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. கிள்ளானில் ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே எண்ணில் தென்படலாம். மாறாக, ஒரே ஆள் வீட்டில் ஓர் எண், பேருந்தில் வேறெண், கடையில் மற்றோர் எண் எனத் திரிவார். ஏமாற்ற நினைப்பவனோ வி.பி.என். வழியே அயல்நாட்டு எண்ணையே அணிந்துகொள்வான். வலையில் சிக்குவது பெரும்பாலும் அண்ணன் தம்பிகளே!

இணைப்பு யாருடையது என நிறுவனம் தேடிச் சொல்வதற்கு, எண்ணுடன் 'போர்ட்' எனும் துணை எண்ணும் பிசகாத நேரமும் வேண்டும். பல பதிவேடுகள் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. நம் நேரம் அதற்கு எட்டு மணி முந்தியது. அந்த எட்டைக் கூட்ட மறந்தால் பழி வேறொருவர் தலையில் விழும். சரியாகத் தேடினாலும் கிடைப்பது சந்தாதாரரின் பெயரே. விசையைத் தட்டிய விரல் எவருடையது என்பது கிடைக்காது.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு, 2012 ஜூலை 31இல் நடப்புக்கு வந்தது. ஓர் இணைப்பிலிருந்து வெளியான செய்தியை, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, அவ்விணைப்பின் சந்தாதாரரே வெளியிட்டதாக அது அனுமானிக்கிறது. மெய்ப்பிக்கும் சுமை அவருடையதே. அவ்வாண்டு ஆகஸ்டு 14இல் பல இணையத்தளங்கள் இதற்கு எதிர்ப்புக் காட்டியதும் உண்டு.

ஆதலின், இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் அதன் கடவுச்சொல்லை லயம் முழுவதற்கும் கொடுத்து வைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளின் பதிவு 'இரட்டைப் பதிவு' எனத் தள்ளப்பட்டால், ஒவ்வொருவரின் அடையாள அட்டை எண்ணையும் தனித்தனியே காட்டி, மறுபடி பார்க்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.